அலகு தெரியவில்லை

புரைமியிலிருந்து சோஹாருக்கு இறங்கும் மலைவழியில்
மரங்களுக்கு எண் போடுவது என் வேலை.
சிவப்பு என்றால் வெட்டு.
நீலம் என்றால் வேரோடு பெயர்த்து வேறிடம்.
நீலம் அடித்தவற்றில் பாதி
அடுத்த கோடையைப் பார்ப்பதில்லை.
அறிக்கையில் மட்டும் உயிரோடிருக்கும்.

இருநூற்றுப் பதினான்காவது ஒரு சித்ர்.
பழத்தைக் கடித்துப் பார்த்தேன்,
இலந்தைதான்.
கொட்டையைத் துப்பிவிட்டு
சிவப்பை எடுத்தேன்.

அட்டவணையில் இரண்டு பத்தி.
இடப்பக்கம் சாலை: இருவழி ஆறுவழியாகும்,
மலையின் தோள்பட்டை
பதினொரு கிலோமீட்டருக்குச் சீவப்படும்.
வலப்பக்கம் ரயில்: மூன்று சுரங்கம், நான்கு பாலம்,
மேலிருந்து பார்த்தால் துணியில் ஓடிய ஒற்றைத் தையல்.
புகை, தூசி, இரைச்சல், அடிபடும் ஆடுகள்
எல்லா வரியிலும் ரயில் ஜெயித்தது.
எனக்கும் அதில் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

கல் ஏற்றிப்போகும் லாரிகளை
ஓரிரவு முழுக்க எண்ணினேன்.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம்.
ஒரு சரக்கு ரயில் வந்தால்
இருநூறு லாரி வீட்டுக்குப் போகலாம் என்றேன்
தேநீர்க் கடையில், குல் ஸமானிடம்.
அவன் ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டான்:
"இருநூறில் நான் எத்தனையாவது?"

பிறகு சுரங்கத்துக்காகச் சோதனைத் துளை போட்டார்கள்.
விரலளவு துளை என்றுதான் சொன்னார்கள்.
ஒன்பதாம் நாள்
மலையடிக் கால்வாயில், ஃபலஜில்,
தண்ணீர் நாலு விரல் இறங்கியிருந்தது.
ஆக, வலப்பக்கமும் சுத்தமில்லை.

ஷம்ஸா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
வாய்க்காலில் அவளுக்கு ஒரு பங்கு உண்டு,
லிட்டரில் இல்லை, நேரத்தில்:
எட்டு நாளுக்கு ஒருமுறை ஓர் அதர்.
அரைமணி நேரம்.
எங்கள் கணக்கில் சரியாக ஒன்றேகால் நாழிகை.
அதில் பதினேழு பேரீச்சை, கொஞ்சம் குதிரைமசால்.

ரயிலுக்குக் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்தேன்.
"மூன்றாம் வளைவில்" என்றாள்,
"என் தம்பி ராஷித் லாரிக்கு வழிவிட ஒதுங்கினான்.
ஒதுங்க இடமில்லை.
எனக்குச் சாலை அகலமாக வேண்டும்.
தண்ணீரும் இருக்கும் இடத்திலேயே வேண்டும்.
உன் தாளில் இரண்டையும் எழுது."

எழுதினேன்.
நாற்பத்தோராம் வரி: நீர் உரிமை, ஓர் அதர்,
இழப்பவர் ஷம்ஸா பின்த் ஹுமைத்.
நாற்பத்திரண்டு: வளைவு.
அதற்கு எதிரே என்ன எழுதுவது?
ஒருவன் ஒதுங்க எத்தனை மீட்டர் தேவையோ
அத்தனை.

மஸ்கட்டிலிருந்து எபனேசர் சார் திருப்பி அனுப்பினார்.
நாற்பத்தொன்றின் மேல் மஞ்சள் பூசி,
"அலகு தெரியவில்லை, நீக்கவும்."
நாற்பத்திரண்டின் அருகில் ஒரு கேள்விக்குறி,
அதன் பக்கத்தில் இன்னொன்று.
நல்ல மனுஷர்தான். மாதக் கடைசி வேறு.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள்.
உழாதவன் பார்த்த கணக்கு இது,
எல்லாமே மிஞ்சுகிறது,
கான்கிரீட், பாறைத்தூள், லாபம் இரு தசமத்துக்கு.

நேற்று ஷம்ஸாவின் முறை, இரவு இரண்டரைக்கு.
கந்தல் சுற்றிய கல்லை மடையிலிருந்து உருவினாள்.
தண்ணீர் அவசரமில்லாமல் வந்தது,
வழியில் ஒவ்வொரு குழியிலும் நின்று,
விசாரித்துவிட்டு வருவதுபோல.
மேலே சாலையில் லாரிகள்.
பழக்கதோஷம், எண்ணிக்கொண்டே இருந்தேன்,
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
பதினேழாவது பேரீச்சையின் பாத்திக்குத்
தண்ணீர் வந்து சேரவில்லை.
மூன்று மணி.
அவள் கல்லைத் திரும்பச் செருகினாள்,
அடுத்த பங்குக்காரர் டார்ச்சோடு காத்திருந்தார்.

கைகழுவக் குனிந்தேன்.
நகக்கண்ணில் சிவப்பு.
வாய்க்காலில் கழுவ மனம் வரவில்லை,
அது இப்போது வேறொருவரின் அரைமணி நேரம்.